தலைக்குள் போட்ட மை

மந்திரமூர்த்தியின் சம்சாரம் சொர்ணத்தாய், செத்த பிறகும் சண்டையை நிறுத்தவில்லை.

உயிரோடு இருந்தவரை பகலில் போட்டாள்; போன பிறகு விடிகாலைக் கனவில் வந்து போட்டாள். வித்தியாசம் அவ்வளவுதான். இடைசெவலிலிருந்து வண்டிப்பாதையில் உள்ளே போகவேண்டிய அவர்கள் ஊருக்கு, கோவில்பட்டித் தீப்பெட்டிக் கம்பெனி பஸ் இருள் பிரியுமுன் வந்து ஹாரன் அடித்துப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அந்த ஹாரனுக்குக் கொஞ்சம் முன்னால் சொர்ணத்தாய் வருவாள். அடுப்பெரிக்க வைத்திருக்கும் பருத்திமார்க் கட்டின்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்காருவாள். சரிகிற கொண்டையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

சண்டைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு நாள் அவள் முறை. அவள் சொல்லி முடிக்கவும் பஸ் ஹாரன் அடிக்கும், இவர் விழித்துக்கொள்வார். மறுநாள் இவர் முறை. பதிலை யோசிக்க நடுவில் ஒரு முழுப் பகல் கிடைத்ததால், உயிரோடு இருந்தபோது போட்ட சண்டையைவிட இது தரமான சண்டை என்று மந்திரமூர்த்தியே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், ஒரு விடிகாலையில் அவள் கேட்டாள்:

“வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, நான் பேசுதத வாயத் தொறக்காமக் கேட்டிருக்கீரா?”

ஹாரன் அடித்துவிட்டது.

கஷ்டமான கேள்விதான். காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டே யோசித்தார். கஞ்சி குடிக்கும்போதும் யோசித்தார். உச்சி வெயிலில் பதில் கிடைத்தது. கயத்தாறு! ஒரு தடவை கயத்தாற்றிலிருந்து வீடுவரை மாட்டுவண்டியில் அவள் பேசிக்கொண்டே வந்தாள், இவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சாட்சிக்கு மச்சினன் கடற்கரையும் வண்டியில் இருந்தான். “கயத்தாத்துல இருந்து வந்தமே, அன்னைக்கு?” என்று ஒரு போடு போட்டால் அவள் வாயடைத்துப் போவாள்.

சந்தோஷம் தாங்காமல், ஒத்திகையாக ஒருமுறை சத்தம்போட்டுச் சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார். கயத்தாறு வரவில்லை. கயகயவென்று என்னவோ வந்தது. வலது கை தொய்ந்து, மடியில் சேர்த்த பருத்தியெல்லாம் கொட்டிப்போயிற்று. கால் மடங்க, அப்படியே கரிசலில் சாய்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டார். கையும் திரும்பியது, பேச்சும் திரும்பியது. கயத்தாறு, கயத்தாறு என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார், பிசகில்லை. ஆனால் மறுநாள் விடிகாலை சொர்ணத்தாய் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பஸ் மட்டும் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்தார். தலை கிடந்த இடத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. அந்த மண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கோடையில் கரிசல் வெடித்தால் சும்மா வெடிக்காது. கன்றுக்குட்டி ஒன்று உள்ளே விழுந்து, ஊரார் கயிறு தேடுவதற்குள் வயதுக்கு வந்து, கன்றும் கையுமாக மேலே ஏறி வந்திருக்கிறது. வெடிப்பில் நழுவிய செம்பு விளாத்திகுளத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்தது, துலக்கிவைத்தபடி. ஆகவே கனவில் வருகிற ஒரு பெண்பிள்ளை, விழுந்தவர் தலையிலிருந்து நழுவி அதற்குள் போயிருக்கலாம் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. குனிந்து, “ஏட்டி!” என்று கூப்பிட்டுப் பார்த்தார். சத்தம் உள்ளே போயிற்று, திரும்பி வரவில்லை.

பதில் கையில் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை.

இன்னும் இரண்டு தடவை கை தொய்ந்தது. கயத்தாற்றில் லாரிகள் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருந்த கடற்கரை, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தான். கோவில்பட்டி டாக்டர் பார்த்துவிட்டு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கொடுத்தார். தலையைச் சீவிச் சீவிப் படம் காட்டுகிற எந்திரம் அந்தப் பக்கமெல்லாம் வந்து சேராத காலம் அது.

மதுரையில் சாமுவேல்ராஜ் என்று மூளை டாக்டர் ஒருவர் இருந்தார். மூளைக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் ஆளுக்கு ஆள் எப்படிப் பிரிகின்றன, எங்கே சேர்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நோயாளிகளுக்கு எடுக்கும் படங்களை அவர்களிடம் கேட்டுக்கொண்டு சேர்த்துவைப்பார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால்கூட வாழை இலையில் நரம்பு எப்படிப் பிரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கைவைப்பார் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு. நல்ல மனுஷன். பேசுவது மட்டும் யாருக்கும் விளங்காது. அதனால் நர்ஸ் எஸ்தர்ராணியைக் கூடவே வைத்திருப்பார். அவளுக்குக் கோவில்பட்டி.

டாக்டர் நீளமாக என்னவோ சொன்னார். எஸ்தர்ராணி திரும்பினாள்.

“அண்ணாச்சி, ஒங்க தலைக்குள்ள படம் எடுக்கணும்னு சொல்லுதாவ.”

“படம் எடுக்கதுக்கு எங்க அத்தான் தலைக்குள்ள நல்லபாம்பா கெடக்கு?” என்றான் கடற்கரை.

“நீங்க செத்தச் சும்மா இருங்க. கழுத்துல ஒரு ஊசி குத்தி, மூளைக்குப் போற குழாய்ல மை ஏத்துவாவ. மை போற வழியெல்லாம் படத்துல விழும். எங்கன அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுபோவும்.”

அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மந்திரமூர்த்தி மெள்ளத் திரும்பினார்.

“என்ன சொன்ன தாயி? மை போடுதாவளா?”

“ஆமா. மை போட்டாத்தான் தெரியும்.”

“தலைக்குள்ளேயேவா?”

“தலைக்குள்ளேயேதான்.”

ஊரில் ஆடு காணாமல் போனால், கம்மல் காணாமல் போனால் மை போட்டுத்தான் பார்ப்பார்கள். வெற்றிலையில் கறுப்பு மையைத் தடவி உற்றுப் பார்த்தால் முதலில் அதில் ஒருவன் வந்து பெருக்குவான். அடுத்தவன் தண்ணீர் தெளிப்பான். இன்னொருவன் நாற்காலி போடுவான். கடைசியில் பெரியவர் வந்து உட்கார்ந்து, தொலைந்தது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பார். வெற்றிலையில் போட்டாலே ஆடு கிடைக்கிறது. தொலைந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டால் ஆள் கிடைக்காமலா போய்விடும்?

டாக்டர் ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொன்னார். ஆயிரத்தில் ஒருவருக்குக் கை கால் விளங்காமல் போகலாம், அபூர்வமாக உயிருக்கேகூட வினையாகலாம். கடற்கரை அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

“அத்தான், வேண்டாம். ஊருக்குப் போவோம். மாத்திரை மருந்து திம்பம்.”

“சும்மா கெடலே. ஒங்க அக்காளத் தேடணுமா வேண்டாமா?”

“அக்கா செத்து மூணு வருசமாச்சு அத்தான்.”

“அது எனக்குத் தெரியாதா? இப்பக் காணும்லா! கயத்தாத்துப் பதில வச்சுக்கிட்டு எத்தன நாளு நான் அலைய?”

“கயத்தாத்துப் பதிலா? வண்டில வந்தமே, அதையா சொல்லுதீரு? அன்னைக்கு ஒமக்குப் பல்லுவலில்லா அத்தான்! தாடை வீங்கி, துண்டக் கட்டிட்டுல்லா வந்தீரு?”

“காரணத்த அவளா கேட்டா? வாயத் தொறந்தேனா இல்லையான்னுதான கேட்டா? தொறக்கல. ஒன் சோலியப் பாரு.”

மந்திரமூர்த்தி சம்மதக் காகிதத்தில் பெயரெழுதிக் கொடுத்தார். ஆராய்ச்சிக்குப் படத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கும் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு அவரை எக்ஸ்ரே அறையில் மேஜைமேல் கிடத்தினார்கள். மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கதவைத் திறந்து ஒருவன் வந்தான். கையில் விளக்குமாறு. பேசாமல் மூலை மூலையாகப் பெருக்கிவிட்டுப் போனான். அடுத்து ஒருவன் வாளியோடு வந்து பினாயில் தண்ணீரைத் தெளித்துத் துடைத்தான். பிறகு ஒருவன், உருளுகிற ஸ்டூல் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து தலைமாட்டில் போட்டான்.

எல்லாம் முறைப்படி நடக்கிறது.

கடைசியில், ஈயத்தால் செய்த கனத்த சட்டையைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை மாட்டிக்கொண்டு டாக்டர் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கவசம் போட்ட சாமி மாதிரி இருந்தது. மந்திரமூர்த்தி படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

“அய்யா, ஒரே ஒரு சந்தேகம். நீங்க காலைக் காட்டிப் பொறந்தவியளா?”

டாக்டர் எஸ்தர்ராணியைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல சார். அப்படிப் பிறந்தவங்க கண்ணுக்குத்தான் மை தெரியும்னு எங்க ஊர்ல சொல்லுவாவ.”

டாக்டர் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே, “ஆமா. எங்கம்மா சொல்லியிருக்காங்க. கால்தான் முதல்ல வந்துச்சாம். இவருக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

மந்திரமூர்த்தி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

எஸ்தர்ராணி அவர் காதருகே குனிந்தாள். “அண்ணாச்சி, மை போவும்போது மூஞ்சியெல்லாம் நெருப்பாக் காந்தும். படத் தட்டு மாறுத சத்தம் தடதடன்னு கேக்கும். பயப்படாதிய. ஆனா தலை அசையக் கூடாது. முக்கியமா வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்த பேசுனாலும் படம் கலைஞ்சிரும். மறுபடி குத்தும்படியா ஆயிரும்.”

ஊசி இறங்கியது. டாக்டர், “ரெடி” என்றார்.

சித்திரை வெயிலைக் காய்ச்சி வடிகட்டிக் கழுத்தில் ஏற்றியதுபோல் இருந்தது. அது தாடையில் ஏறி, காதுக்குப் பின்னால் சுற்றி, கண்ணுக்கு உள்பக்கமாக வந்து விரிந்தது. மூடிய இமைக்குள் செக்கச் செவேலென்று ஒரு வெளிச்சம். வெளிச்சம் தணிந்தபோது அவர் தன் காட்டில் நின்றுகொண்டிருந்தார்.

காடுதான், ஆனால் வெடிப்புக்கு உள்பக்கம். திருநெல்வேலி ரோடு மாதிரி அகலமாக ஒரு பாதை மேல்நோக்கிப் போயிற்று. அது இரண்டாகப் பிரிந்து வண்டிப்பாதையாயிற்று. வண்டிப்பாதை ஒற்றையடிப் பாதையாயிற்று. ஒற்றையடிப் பாதை ஆடு போகிற தடமாகி, தடம் எறும்புச் சாரையாகிக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. இரண்டு பக்கமும் கறுப்பு மண் சுவர். அடியில் பால் மாதிரி என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. காலில் ஈரம் படவில்லை. நடந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. பாதைதான் அவரை நடத்திக்கொண்டு போயிற்று.

ஓர் இடத்தில் இடப்பக்கத்துப் பெரிய பாதை மண் சரிந்து மூடிக் கிடந்தது. அதற்கு முன்னால் சின்னதாக ஒரு பாலம், ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு. அதைக் கடந்தார். அந்தப் பக்கம், மூடிப்போன பாதையின் ஓரத்தில், ஊடுவழிகளெல்லாம் வேலங்காடு மாதிரிப் பின்னிக் கிடந்தன. நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு சொர்ணத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

“வந்துட்டீரா?” என்றாள், திரும்பாமல். மடியில் பருத்திக் காய்களைப் போட்டுப் பஞ்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “ஒம்ம முறைதான். சொல்லும்.”

அவர் வாயைத் திறக்கப் போனார். எங்கோ மேலே தட்டுகள் மாறுகிற சத்தம் கேட்டது, பருத்தி அரைக்கிற மில் மாதிரி. வாயத் தொறக்கக் கூடாது. கயத்தாறு நாக்கு நுனியில் கருப்பட்டி மிட்டாய் மாதிரி உட்கார்ந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். பேசினால் படம் கலையும். படம் கலைந்தால் இவளும் கலைந்துவிட்டால்?

“என்ன, சொல்லலியா? சரி, அப்பம் நான் சொல்லுதேன்.”

அவள் தொடங்கினாள். கோவில்பட்டியில் அவர் எடுத்துக் கொடுத்த நீலச் சேலை பிடிக்கவில்லை என்று சொன்னது பொய்யாம். அது என்றைக்கும் அவளுக்குப் பிடிக்குமாம். மேலக்காட்டில் பாசிப்பயறு போட வேண்டாமாம். முழங்கால் வலி இங்கே இல்லையாம். ஆனால் வெயில் இல்லாததால் வற்றல் போட வழி இல்லையாம். மயிலைப் பசு சாகும்போது அவர் கிணற்றடியில் போய் அழுததை அவள் பார்த்தாளாம், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லையாம். ஒரு விதைப்புக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட காலம் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பஞ்சு மலையாகக் குவிந்து, அதற்குப் பின்னால் அவள் தலை மட்டும் தெரிந்தது.

“கயத்தாத்துல இருந்து வண்டில வந்தமே, ஞாபகம் இருக்கா? பல்லுவலியில துடிச்சிக்கிட்டு வந்தீரு. ஒமக்கு வலி தெரியாம இருக்கட்டும்னுதான் வழிநெடுகப் பேசிட்டே வந்தேன். தொண்ட கட்டிப்போச்சு எனக்கு.”

நாக்கு நுனியில் இருந்த கயத்தாறு கரைந்துபோயிற்று. அவரிடம் இப்போது பதிலே இல்லை. அவளுடைய குரல் மட்டும்தான் இருந்தது. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“முடிஞ்சுது” என்றார் டாக்டர்.

“எவ்ளோ நேரமாச்சு?” என்று மந்திரமூர்த்தி எழுந்ததும் கேட்டார்.

“பத்து எண்ணுத நேரம்கூட ஆகல அண்ணாச்சி” என்றாள் எஸ்தர்ராணி.

“அதான் பாத்தேன். வெள்ளாம வீடு வந்து சேரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

சாயங்காலம் டாக்டரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வெளிச்சப் பெட்டியில் படங்களை வரிசையாகச் சொருகியிருந்தார். சாம்பல் நிறத்தில் மண்டையோடு. அதற்குள் வெள்ளை வெள்ளையாகக் கிளைகள்.

“மை கறுப்பால்லா இருக்கும்? இது வெள்ளையா விழுந்திருக்கு?”

“இது அப்படித்தான் விழும் அண்ணாச்சி.”

டாக்டர் சந்தோஷத்தில் வேகமாகப் பேசினார். எஸ்தர்ராணி ஓட்டமாக ஓடிப் பின்தொடர்ந்தாள். “ஒங்களுக்கு இடப்பக்கம் பெரிய குழாய் அடைச்சுப்போச்சாம். ஆனா வலப்பக்கத்து ரத்தமே நடுவுல ஒரு பாலம் மாதிரிக் கடந்து போயி அந்தப் பக்கத்தையும் காப்பாத்துதாம். ஒரு பக்கம் நின்னுபோனாலும் இன்னொரு பக்கம் ரெண்டுக்கும் சேத்து ஓடுதாம். இந்தப் பாலம் ஆருக்கு எம்புட்டு இருக்குன்னுதான் சாருக்கு ஆராய்ச்சியே. தினம் மாத்திரை சாப்பிட்டாப் போதும். கத்தி வேண்டாம்னுட்டாவ.”

“இவ்வளவு தெளிவா நான் ஒரு படமும் எடுத்ததில்லை” என்றார் டாக்டர். “சூடு ஏறும்போது எல்லாரும் அசைவாங்க, முனகுவாங்க. இவர் கல்லு மாதிரிக் கிடந்தார். ஒரு கோடுகூடக் கலையல. இதைப் பாருங்க. அடைப்பைச் சுத்திச் சின்னச் சின்னக் குழாயெல்லாம் வழி தேடி ஒண்ணாக் கூடியிருக்கு, முடிச்சு மாதிரி.”

பாலத்துக்கு அந்தப் பக்கம், அடைத்த பாதையின் ஓரத்தில், மெல்லிய இழைகள் சுற்றிச் சுற்றி ஒரு பந்தாகத் திரண்டிருந்தன.

“எனக்கென்னமோ கொண்ட மாதிரி இருக்கு சார்” என்றாள் எஸ்தர்ராணி.

மந்திரமூர்த்தி கிட்டே போய்ப் பார்த்தார். மூக்கு வெளிச்சப் பெட்டியில் படுகிற அளவுக்குக் கிட்டே போனார்.

“கொண்டையேதான்” என்றார். “எடப்பக்கம் சரிஞ்சிருக்கு பாத்தியளா? எத்தன கொண்ட ஊசி குத்துனாலும் அவளுக்கு நிக்காது.”

கடற்கரையும் எட்டிப் பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அந்த ஒரு படத்தைத் தரமுடியுமா என்று மந்திரமூர்த்தி கேட்டார். ஆராய்ச்சிக்கு வேண்டும், தர வழியில்லை என்று டாக்டர் வருத்தப்பட்டார்.

“சரி, வச்சுக்கிடுங்க. ஆனா வார போற ஆளுகளுக்கெல்லாம் காட்டாதிய. கூச்சப்படுவா.”

ஊருக்கு வந்தார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். கை தொய்யவில்லை. ஆனால் விடிகாலையில் பஸ்தான் வந்தது, அவள் வரவில்லை. பங்குனி முடிந்தது. சித்திரையில் காடு இன்னும் வாயைப் பிளந்தது. இருந்ததையெல்லாம் அந்த ஒரு தடவையில் பேசித் தீர்த்துவிட்டாளோ என்று அவருக்குப் பயம் வந்தது. தேடிக் கண்டுபிடித்தது, வழியனுப்பி வைக்கத்தானா? கடற்கரை வந்தால், “மை போட்டது தப்போலே?” என்று கேட்பார். அவன் டீக்கிளாஸைக் கழுவுகிறவன் மாதிரி வெறுங்கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சித்திரைக் கடைசியில் ஒரு கோடை மழை பெய்தது. கரிசல் புளித்த மாவாக உப்பி, வெடிப்புகளெல்லாம் உதட்டை மூடிக்கொண்டன. உள்ளே இருந்ததை மண் மேலே தள்ளியிருக்க வேண்டும். மறுநாள் விடிகாலை பருத்திமார்க் கட்டு நனைந்து கிடந்தது. அதன்மேல் ஒரு சாக்கை விரித்துச் சொர்ணத்தாய் உட்கார்ந்திருந்தாள்.

“கேட்டதுக்கு இன்னும் பதிலக் காணும்” என்றாள். “ஒரு நாளாவது நான் பேசுதத வாயத் தொறக்காமக் கேட்டிருக்கீரா?”

மந்திரமூர்த்தி அவசரப்படவில்லை. கக்கத்தில் காக்கி உறை ஒன்று இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று கேட்கக் கூடாது; மதுரையில் அந்த வாரம் ஒரு படம் குறைந்து, மறுநாளே பழைய இடத்தில் இருந்ததாக எஸ்தர்ராணி பிற்பாடு சொன்னாள், அவ்வளவுதான் தெரியும். உறையிலிருந்து படத்தை உருவினார். வெளுக்கிற கிழக்கு வானத்துக்கு நேராகப் பிடித்தார்.

“இந்தா பாரு. நீ பேசும்போது எடுத்தது. ஒரு கோடு கலைஞ்சிருக்கா? ஒரு இழ நடுங்கியிருக்கா? வாயத் தொறந்திருந்தா இப்படி விழுமா? டாக்டரே சாட்சி.”

சொர்ணத்தாய் படத்தை வாங்கினாள். இப்படித் திருப்பிப் பார்த்தாள், அப்படித் திருப்பிப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஜெயித்தால் சண்டை முடிந்துவிடுமே என்று அதற்குள் ஒரு கலக்கம்.

அவள் நிமிர்ந்தாள். கண்ணில் பழைய நெருப்பு.

“படம் எடுக்கப் போறேன்னு முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தலையச் சீவிக் கொண்டைய ஒழுங்கா முடிஞ்சிட்டு வந்திருப்பேன்லா? ஊர் உலகமெல்லாம் பாக்கப்போற படத்துல இப்படியா நிக்க வைப்பீரு என்னய?”

ஹாரன் அடித்தது.

மந்திரமூர்த்தி எழுந்து உட்கார்ந்தார். வெளியே பெண்பிள்ளைகள் பஸ்ஸில் ஏறுகிற சத்தம். ஈர மண் வாசம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டைப் பார்த்து நடந்தார். இன்று முழுப் பகலும் யோசிக்க வேண்டும். நாளைக்கு அவர் முறை.